வேங்கை மர வில்லைகள்

மலைமேல் எங்கள் தேவனூர் நாட்டிலிருந்து மோட்டார் காரில் ஏறிய முதல் பெண் என் அம்மாதான். படுத்துக்கொண்டு ஏறினாள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இந்த இரண்டு பெருமைகளும் ஒரே காரிலிருந்து இறங்கியவை. ஊரில் ஒன்றைச் சொல்பவர்கள் மற்றதைச் சொல்வதில்லை. ஆகவே நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மிளகு பறிக்கிற காலம் அது. எங்கள் பக்கம் மிளகுக்கொடி பலாமரத்தில் ஏறிப் படர்ந்திருக்கும். பறிப்பதற்கு ஒற்றை மூங்கிலில் கணு விட்டு வெட்டிய ஏணியைச் சாத்தி ஆண்கள்தான் ஏறுவார்கள். அந்த வருஷம் அப்பாவைக் குளிர்காய்ச்சல் பிடித்துப் படுக்கப் போட்டிருந்தது. மிளகோ பழுத்துச் சிவந்து, குருவிகள் கொத்த ஆரம்பித்துவிட்டன. "நாளைக்கு நான் ஏறிக்கறேன்" என்று அப்பா கம்பளிக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா நாளை வரை காத்திருக்கவில்லை. மரத்தின் பாதி உயரத்தில் ஏணி புரண்டது. விழுந்த இடத்தில் அவள் முதலில் தேடியது மடியில் கட்டியிருந்த மிளகைத்தான் என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிற மாதிரி அதில் எதுவும் இல்லை.

எலும்பு கட்டுகிறவர் வந்து பச்சிலை அரைத்து, முட்டையும் உளுந்தும் சேர்த்து இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். தினமும் விளக்கெண்ணெய் காய்ச்சிக் கட்டின்மேல் விடச் சொன்னார். அப்பா விட்டார். காய்ச்சல் தெளிந்து எழுந்த நாளிலிருந்து அவர் வேறு வேலையே பார்க்கவில்லை. ஆனால் மாசி பிறந்தும் அம்மாவால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. ஊன்றச் சொன்னால் அலறினாள்.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் மிளகு மண்டி வைத்திருந்த பாய்தான் எங்கள் மிளகை எப்போதும் வாங்குகிறவர். அவர் வேறு காரியமாகச் சேலம் போனபோது அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் விசாரித்து, சந்தைக்குப் போன எங்கள் மாமனிடம் சொல்லி அனுப்பினார். இடுப்பெலும்பு உடைந்திருக்கும், அசையாமல் கொண்டு வந்தால் நடக்க வைக்கலாம், வழியில் எலும்பு நகர்ந்துவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அசையாமல் என்ற ஒரு சொல்லை அப்பா பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் எங்கள் வீட்டுக் கோழிகள்கூட அசையப் பயந்த மாதிரி இருந்தது.

கம்பளியை மூங்கிலில் தூளி போலக் கட்டி, அதில் அம்மாவைப் படுக்கவைத்து, மாமன்மார்கள் மாற்றி மாற்றித் தோள்கொடுத்து மலையிறக்கினார்கள். நான் அப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். இறக்கம் முழுவதும் அம்மா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மண்டி வாசலில் இறக்கியதும் பெரிய மாமன் சொன்னார்.

"இப்படியே தூக்கிக்கிட்டுச் சேலத்துக்கே நடந்துரலாமுங்க மச்சான். ரெண்டு நாளாவும். ஆனா அலுங்காமப் போயிரலாம்."

"பாயோட காரு இருக்கறப்ப எதுக்கு மாப்பிள்ளே? மத்தியானத்துக்குள்ள ஆசுபத்திரி" என்றார் அப்பா. அந்தக் காரை அவர் எத்தனையோ சந்தை நாளில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். தொட்டதில்லை. தன் பெண்டாட்டியை அதில் ஏற்றி அனுப்புவது அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார். மாமன்மார்கள் மலையேறிவிட்டார்கள்.

கார், யாரோ ஒரு எஸ்டேட் துரை ஓட்டிச் சலித்துப்போய் விற்றது. மேலே கித்தான் மூடி, பின்னால் நீண்ட சீட்டு. பாய் அதில் மனிதர்களைவிட மிளகு மூட்டைகளைத்தான் அதிகம் ஏற்றியிருந்தார். பஞ்சு மெத்தை போட்டு அம்மாவைப் பின்சீட்டில் கிடத்தி, அப்பா அவள் தலைமாட்டில் உட்கார, நான் டிரைவர் பக்கத்தில் உட்கார, வண்டி கிளம்பியது. ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. காரின் முன்பக்கம் ஆட்டுக்கிடா போலத் துள்ளியது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் மூன்று முறை எழும்பி விழுந்தது. அம்மா போட்ட சத்தத்தில் டிரைவர் தானாகவே வண்டியைத் திருப்பிவிட்டார்.

டிரைவர் ராசிபுரத்துக்காரர். எந்த நேரமும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பவர். மண்டி வாசலில் இறங்கிய வேகத்தில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு முதலாளியிடம் சண்டைக்குப் போனார்.

"பாய், நான் போன வருசமே சொன்னனுங்க, முன்னால ரெண்டு ஷாக்கும் தேஞ்சு போச்சுன்னு. மொளகு மூட்டை வாயத் தொறக்கல. நீங்களும் காதத் தொறக்கல."

"மூட்டைக்கு இடுப்பு ஏதப்பா? இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"உள்ள இருக்கற பில்லை மாத்தோணும். மெட்ராசுக்கு எழுதிப் போட்டா வரும்."

"அது வரதுக்குள்ள அந்தப் பொண்ணு என்னாகறது?"

"அப்ப மரத்துலதான் செதுக்கோணும். நல்லா வைரம் பாஞ்ச கட்டையாப் பாருங்க."

மரம் என்ற சொல் காதில் விழுந்ததும், அதுவரை தூணோரம் குந்தியிருந்த அப்பா எழுந்தார். "உளி இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பகல் முழுவதும் மண்டியின் பின்கட்டில் வேலை நடந்தது. டிரைவர் கார்ச் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவிலிருந்து, ஷாக் என்று அவர் சொன்னதை, பக்கத்துக்கு இரண்டு இரும்புக் கைகளாகக் கழற்றினார். கத்தரிக்கோலைப் பாதி விரித்தது போல ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. அவை சேரும் இடத்தில், இரும்புத் தட்டுகளுக்கு நடுவே, வட்டமான மர வில்லைகள் இருந்தன. நடுவில் ஒரு போல்ட், அதன்மேல் நட்டு. பழைய வில்லைகள் தேய்ந்து அப்பளம் போல ஆகியிருந்தன. ஒன்றை டிரைவர் கையில் எடுத்ததும் இரண்டாக உடைந்தது.

பின்கட்டில் கிடந்த பழைய வேங்கைக் கதவுநிலை ஒன்றை அறுத்து, அப்பா புது வில்லைகள் செதுக்கினார். கருக்கல் வெளிச்சத்திலேயே ஏர் செய்யப் பழகிய கை. அளவுகோல் கேட்கவில்லை, உடைந்த வில்லையை மரத்தின்மேல் வைத்து நகத்தால் கோடு கிழித்துக்கொண்டார். டிரைவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனுங் கவுண்டரே, தேனும் கெழங்கும் எடுக்கற மலையில தச்சு வேலைகூட உண்டுங்களா?"

"நாங்க செஞ்ச ஏரு ஓடுதுங்க. நீங்க ஓட்டற வண்டிதான் நிக்குது" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். டிரைவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிநேகிதர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கடைசி வில்லையை மழுக்கிக்கொண்டே அப்பா கேட்டார்.

"இது என்னத்துக்குங்க ஆவுது?"

டிரைவர் வாயில் ஒரு ஆணியைக் கவ்விக்கொண்டிருந்தார். அதை எடுக்காமலே, "வண்டிக்கு மூட்டுன்னு வெச்சுக்கங்க. மொழங்காலு. அதுக்கு மேல சொன்னா உங்குளுக்கும் புரியாது, எனக்கும் புரியாது" என்றார். அப்பா ஒப்புக்கொண்ட மாதிரித் தலையாட்டினார். மூட்டு என்றால் என்ன என்று அந்த மாதங்களில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

நான் சுருள் சுருளாக விழுந்த வேங்கைச் சீவல்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதுமாக இருந்தேன். அம்மா மண்டிக்குள் மிளகு மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தாள். நெடி தாங்காமல் தும்மல் வரும்போதெல்லாம் மூக்கைப் பிடித்து அடக்கினாள். தும்மினால் இடுப்பு நகர்ந்துவிடுமே என்ற பயம்.

"என்ன சாமி பண்றாங்க உங்கப்பா?"

"காருக்குக் காலு செய்யறாரு."

"எனக்கொண்ணு செய்யச் சொல்லு" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பூட்டி, நட்டை இறுக்கி, டிரைவர் வண்டியை மண்டியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். துள்ளல் நின்றுவிட்டது. முன்பக்கம் பெரிய மனிதர் தலையசைப்பது போல ஒரு முறை தாழ்ந்து எழுந்து நின்றுகொண்டது. ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் அந்த இடத்திலிருந்து ஒரு கிறீச்சிடல் வந்தது. பன்றியைக் கட்டிப்போட்டால் எழுப்புகிற சத்தம். உள்ளே அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, அது ஏன் இப்படி அழுவுது?" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

எங்கள் வீட்டில் இரும்பைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. கத்துகிற இரும்பு தாகம் எடுத்த இரும்பு. ஆமணக்கு ஆட்டி வந்ததும் முதல் சொட்டை ஏர்க் கொழுவுக்கும் அரிவாளுக்கும் கதவுக் குடுமிக்கும் வைத்த பிறகுதான் விளக்குக்கு, அதற்குப் பிறகுதான் தலைக்கு. இரும்பைக் கத்தவிட்டுச் சும்மா இருந்தால் அந்த வீட்டில் ஒருவர் உடம்பு நோகும் என்பார்கள். இங்கே நோகிற உடம்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. அதை ஏற்றிக்கொண்டு போகப்போகிற இரும்பு அப்படிக் கத்தினால் அப்பா எப்படிப் பொறுப்பார்?

டிரைவர் பலகாரக் கடைக்குப் போயிருந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அப்பா, அம்மாவின் இடுப்புக்கென்று மலையிலிருந்து மூங்கில் குழாயில் கொண்டுவந்திருந்த விளக்கெண்ணெயை எடுத்து வந்தார். காருக்கு முன்னால் மண்டியிட்டு, வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், வில்லைகளின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி விட்டார். அவசரப்படவில்லை. அம்மாவின் கட்டின்மேல் எப்படி விடுவாரோ அப்படியே, விரல் நுனியால் தடவித் தடவி விட்டார். குழாயில் இருந்ததில் பாதி தீர்ந்தது. பிறகு காரின் முன்பக்கத்தை மெல்ல அமுக்கிப் பார்த்தார். சத்தம் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து அப்பா சிரித்தார். அம்மா விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பாய் திரும்பிய பிறகு டிரைவர் வந்து ஓட்டியபோது வண்டி ஊமையாகிவிட்டிருந்தது. "பாத்தீங்களா பாய், மரம் பதிஞ்சுக்கிச்சு" என்று அவர் பெருமையடித்தார். செய்ததைச் சொல்லிக்கொள்கிற வழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. எனக்கு நெஞ்சு விம்மியது. மோட்டார் காரின் அழுகையை என் அப்பா நிறுத்திவிட்டார்! அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

கிளம்பிய கொஞ்ச தூரம் வரை எங்கள் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு நல்ல பயணம் இருந்ததில்லை. கார் மிதந்தது. அம்மா தலையை மட்டும் திருப்பி வெளியே பார்த்தாள். சாலையோரப் புளியமரங்கள் வரிசையாக வந்து வந்து போயின.

"மரமெல்லாம் பின்னால ஓடுது பாரு சாமி" என்றாள். மலையிலிருந்து இறங்கிய பிறகு அவள் தனக்காக ஆசைப்பட்டுப் பார்த்தது அதுதான்.

விளக்கெண்ணெய் கெட்டியான எண்ணெய். மெல்லத்தான் இறங்கும். சக்கரம் ஓடி, இரும்பு சூடேறி, எண்ணெய் இளகி வில்லைகளுக்கு நடுவே இறங்க இறங்க, காரின் முன்பக்கம் முதலில் லேசாக ஆடியது. பிறகு துள்ளியது. பிறகு முந்தின நாளைவிட மோசமாக எழும்பி எழும்பி விழுந்தது. டிரைவர் நிறுத்தி நட்டை இறுக்கினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இறுக்கினார். என்ன இறுக்கியும் பிடிக்கவில்லை. அவர் பேச்சு நின்றுபோயிற்று. அப்பா இரண்டு கையாலும் அம்மாவின் இடுப்பைச் சீட்டோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தார். அம்மா முந்தானையைப் பல்லுக்கிடையே கொடுத்துக்கொண்டாள். திரும்பிப் போகலாம் என்றால் வந்த தூரமும் போகிற தூரமும் ஒன்றாக இருந்தது.

வழியில் ஒரு ஓடை. தண்ணீர் வற்றிக் கல்லும் மணலுமாகக் கிடந்தது. டிரைவர் நடக்கிற வேகத்தில்தான் இறக்கினார். ஆனாலும் எதிர்க்கரை ஏறும்போது முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி விழுந்தது. விழுந்து எழும்பியது. எழும்பி மறுபடி விழுந்தது. அம்மா கத்தவில்லை. யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல "ம்" என்றாள். அவ்வளவுதான்.

கரையேறி டிரைவர் வண்டியை நிறுத்தினார். கீழே குனிந்து வில்லைகளின் ஓரத்தில் விரல் வைத்தார். விரலை முகர்ந்தார். முகம் சிவந்து எழுந்தார்.

"வெளக்கெண்ணெ! எந்த மடையன்டா இதுல எண்ணெய உட்டவன்? உரசிப் புடிக்கோணும்னுதான மரத்தக் குடுத்து இறுக்கியிருக்குது? புடிக்கற எடத்துல எண்ணெய உட்டா என்னத்தடா புடிக்கும்?"

அவர் யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. வெட்டவெளியைப் பார்த்துக் கேட்டார். அப்பாவின் கைகள் அம்மாவின் இடுப்பின்மேலேயே இருந்தன. அவர் வாய் திறந்தது. சத்தம் வருவதற்கு முன்னால் அம்மா பேசினாள்.

"நாந்தானுங்க உடச் சொன்னேன்."

டிரைவர் திரும்பினார்.

"அந்தச் சத்தம் எனக்கு ஆவலீங்க. இவரு வேண்டாமின்னுதான் சொன்னாரு. நாந்தான் அடம் புடிச்சேன்."

அவள் முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். டிரைவர் "செரி, வுடுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் தலைத்துண்டை அவிழ்த்து வில்லைகளைத் துடைத்தார். ஓடைமணலை அள்ளி அள்ளி அவற்றின்மேல் அப்பினார். பிறகு சேலம் போய்ச் சேரும்வரை வண்டியை மாட்டுவண்டிபோல ஓட்டினார். அப்பாவிடம் அம்மா பேசியது ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க, கொஞ்சந் தண்ணி குடுங்க."

அம்மா நடக்கவில்லை. டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். எலும்பு நகர்ந்து கூடிவிட்டது. உட்கார முடிந்தது, கையை ஊன்றி நகர முடிந்தது. மலைக்கு அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவதற்கு அவள் சம்மதிக்கவில்லை. பாய் மண்டிக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டைக் கொடுத்தார். அப்பா காட்டு வேலைக்கு மலையேறுவதும் சந்தைக்குச் சந்தை இறங்கி வருவதுமாக இருந்தார். மண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மலையிலேயே இருந்திருந்தால் நான் தினைக்காட்டில் கிளி விரட்டிக்கொண்டிருப்பேன். இங்கே விரட்டக் கிளி இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நான் நன்றாகப் படித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பெரிய வகுப்பில் ஒருநாள் வாத்தியார், உராய்வு என்றால் என்ன, அதனால் நன்மை உண்டா என்று கேட்டார். வகுப்பே முழித்தது. நான் ஒருத்திதான் எழுந்து சரியாகச் சொன்னேன். அன்று சாயங்காலம் வாத்தியார் பாராட்டியதை வீட்டில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்தது ஒன்றை அம்மாவிடம் மறைத்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் இதெல்லாம் பின்னால் வந்தது. அந்த நாளில் நான் ஏழெட்டு வயதுக் குழந்தை. ஓடைக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வரை அம்மாவின்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டிருந்தது. காரின் அழுகையை நிறுத்தியது அப்பா. சிரித்தது அப்பா. டிரைவர் அந்தப் பெருமையைத் தனதென்று சொன்னபோது பேசாமல் இருந்ததும் அப்பா. இப்போது அம்மா வேறு அதைத் தன் காரியம் என்கிறாள். டிரைவர் திட்டியது காதில் விழாமல் இல்லை. பெரியவர்கள் எதற்குத்தான் திட்டவில்லை?

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஆட்கள் வந்து அம்மாவைத் தூக்குப் பலகையில் மாற்றினார்கள். "பயந்துட்டியா சாமி?" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அப்பா அவளோடு போகாமல் அந்த வாசற்படியிலேயே நின்றார். நான் அவர் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே உரக்கக் கேட்டேன்.

"ஏனுங்கப்பா, எண்ணெய உட்டது நீங்கதான? அம்மா எதுக்குப் பொய் சொல்லுது?"

தூரத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தார். அப்பா குனிந்து என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் இன்னும் விளக்கெண்ணெய் பிசுபிசுத்தது. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைப் பேசவிடாமல் செய்கிறார்கள் என்று தோன்றியது. பலங்கொண்ட மட்டும் அந்தக் கையைக் கடித்தேன். அப்பா கையை எடுக்கவில்லை. வலிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் அழுத்திக் கடித்தேன்.